அந்நியனும் பகைவனும்: ஓர் இலத்தீன் சொல்லின் சமூக வரலாறு

சொற்பொருள் மாற்றத்தைக் காலத்தின் இயல்பான விளைவாகக் கொள்வோர் இன்றும் உளர். அக்கொள்கையின் போதாமையை ‘ஹொஸ்திஸ்’ எனும் இலத்தீன் சொல் நன்கு புலப்படுத்துகின்றது. செவ்வியல் இலத்தீனில் அது அரசின் பகைவனைக் குறிக்கும். தனிப்பட்ட பகைவனுக்கு ‘இனிமீக்குஸ்’ என்ற வேறு சொல் உண்டு. ஆனால், ஆதியில் ‘ஹொஸ்திஸ்’ அந்நியனையே குறித்தது. விருந்தளிப்போன், விருந்தினன் ஆகிய இருவரையும் சுட்டும் ‘ஹொஸ்பெஸ்’ இதே அடியிற் பிறந்ததாகும்.

இலக்கண நோக்கில் இது மூன்றாம் வாய்பாட்டைச் சார்ந்த பெயர். ஆண், பெண் இருபாற்கும் பொதுவானது. ஒருமை வடிவமே பகைப்படை முழுவதையும் சுட்டவல்லது. பொருள் தலைகீழாகியபோதும் இதன் வாய்பாடு மாறவில்லை. எனவே, மாற்றத்தின் காரணத்தை இலக்கணத்துக்கு வெளியே தேடுதல் வேண்டும்.

கி.மு. 44 இல் ‘கடமைகள் பற்றி’ எனும் நூலை எழுதிய சிசரோ, போரின் கொடுமையைத் தணிக்கவே முன்னோர் பகைவனை ‘அந்நியன்’ என மென்மையாக அழைத்தனர் என்கிறார். இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அவர் சான்று காட்டும் பன்னிரு பலகைச் சட்டம் (கி.மு. 451–450) போரைப் பேசவில்லை, அந்நியனுடனான வழக்குக்குக் குறித்த நாளையும், அவனுக்கு எதிரான நிலையான சொத்துரிமையையுமே பேசுகின்றது. அங்கே காணப்படுவது மென்மையன்று; சட்ட உறவேயாகும்.

பென்வெனிஸ்த் 1969 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் மேலானது. ‘ஹொஸ்திஸ்’ கைம்மாறு செய்யும் உறவில் இணைந்தவன் என்றும், நகர அரசு வலுப்பெற அவ்வுறவு அழிந்தது என்றும் அவர் காட்டுவார். எனினும், அந்நகர அரசு எதனால் வலுப்பெற்றது என்ற வினாவை அவர் தொடரவில்லை. வென்ற நிலமும் அடிமையாக்கிய மனித உழைப்புமே அதன் அடித்தளமாயின. ஒப்பந்தத்தாலும் வாணிபத்தாலும் வந்தவன் ‘பெரெகிரீனுஸ்’ ஆனான். அவன் வழக்குகளுக்கெனக் கி.மு. 242 அளவில் தனி நீதிபதி பதவியும் தோன்றிற்று. எதிர்த்து நின்றவனுக்கே ‘ஹொஸ்திஸ்’ எஞ்சியது.

அச்சொல் எல்லைக்கு வெளியே நின்றோரோடு நின்றுவிடவுமில்லை. கி.மு. 88 இல் ஆறுமுறை கொன்சுலாயிருந்த மாரியுஸையே உரோம மூதவை ‘ஹொஸ்திஸ்’ என அறிவித்தது. கி.மு. 63 இல் கத்திலீனா அவ்வாறு அறிவிக்கப்பட்டபோது கொன்சுலாயிருந்தவர், முன்னோரின் மென்மையைப் பின்னாளிற் புகழ்ந்த அதே சிசரோவே. அந்நியன் யார் என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. அதிகாரத்திலுள்ள வர்க்கமே தீர்மானிக்கின்றது.