கீதமாலையும் இரசனையின் அளவுகோலும்

ஒரு பாட்டை நயந்து கேட்பவன் அதனைத் தன்னுள்ளத்தே அடக்கி வைத்திருத்தல் அரிது. கேட்ட அளவிலே அதனைப் பிறர்க்கும் கேட்பிக்க வேண்டும் என்னும் வேட்கை அவனிடத்துப் பிறக்கின்றது. கேட்டவர் தாமும் தமக்குகந்த பாட்டொன்றை எடுத்துரைக்க, ‘அதனிலும் இது சிறந்தது’ என்னும் பேச்சு இயல்பாகவே எழுகின்றது. இவ்வாறு நுகர்ச்சி பகிர்வாகவும், பகிர்வு தரவரிசையாகவும் வளர்கின்றன. முதலிரண்டினையும் எவரும் குறைகூறார். மூன்றாவதாகிய தரவரிசையைப் பற்றியே கருத்து வேறுபாடு உளது. பாட்டுக்களை முதலாவது, இரண்டாவது என எண்ணிட்டு அடுக்குதல் கலைக்கு இழுக்கு என்பர் ஒரு சாரார். பலர் விரும்பியதே சிறந்தது, அதனை அறிதற்கு எண்ணிக்கையன்றி வேறு வழியில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் ஆராய்தற்குத் தக்க களமாக அமைவது, கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி இந்தியா எங்கணும் கேட்கப்பட்ட ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் நிகழ்ச்சியாகும்.

இந்தித் திரைப்பாட்டுக்களுக்குரிய நிகழ்ச்சியொன்று இலங்கையிலிருந்து ஒலிக்க நேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்கென இலங்கையிலே நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அக்கருவியின் பயனை முற்றாகப் பெற்றது. இது முதலாவது காரணம். 1952 ஆம் ஆண்டிலே இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைத் தாழ்த்துவது எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைப் பெரிதும் குறைத்தார். இஃது இரண்டாவது. தம் நாட்டு வானொலியிற் கிடையாத பாட்டை நாடிய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர்.

1952 டிசெம்பரில் கீத்மாலா தொடங்கிற்று. ‘கீதமாலை’ என்பதே அப்பெயரின் பொருள். பற்பசை வணிகம் ஒன்று அதற்குப் பொருளுதவி புரிந்தது. பினாக்கா என்பது அப்பற்பசையின் பெயர். தொகுத்து வழங்கியவர் அமீன் ஸயானி. அப்போது அவருக்கு வயது இருபது நிரம்புந் தறுவாய். பம்பாயிலே ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாடாக்கள் விமான மூலம் கொழும்பை அடைந்து, புதன்கிழமை இரவு 8 மணிக்கு ஒலிபரப்பாயின. தொடக்கத்தில் இது அரைமணி நேரப் போட்டி நிகழ்ச்சியாகவே இருந்தது. ஏழு பாட்டுக்கள் ஒழுங்கு மாற்றி ஒலிபரப்பப்படும்; அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கி எழுதுவோர்க்குப் பரிசு உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், சிறிது காலத்தினுள் அத்தொகை வாரத்துக்கு 65,000 வரை உயர்ந்தது என்றும் அமீன் ஸயானி பின்னாளிற் கூறியுள்ளார். இத்துணைக் கடிதங்களைப் பிரித்துத் திருத்துதல் இயலாதாகவே, போட்டி கைவிடப்பட்டு, செல்வாக்கின் வழிப் பாட்டுக்களை வரிசைப்படுத்தும் ஒருமணி நேர நிகழ்ச்சி உருவாயிற்று.

அவ்வரிசையில் ஒவ்வோர் இடமும் ‘படி’ எனப் பெயர் பெற்றது. பாட்டுக்கள் கீழ்ப்படியிலிருந்து மேற்படி நோக்கி ஒலிபரப்பப்பட்டன. சென்ற வாரம் ஏழாம் படியில் நின்ற பாட்டு இவ்வாரம் நான்காம் படிக்கு ஏறியது. முதலாம் படியில் நின்றது ஒரு படி இறங்கியது. இவ்வாறு ஏற்றமும் இறக்கமுமாகச் சொல்லப்பட்டபோது, பாட்டுக்கள் கதை மாந்தர் போலாயின. குறித்த வாரங்கள் பட்டியலில் நிலைத்து நின்ற பாட்டுக்கு முடிசூட்டு மரியாதை செய்து, அதனை வரிசையினின்று விடுவிக்கும் வழக்கமும் இருந்தது. ஆண்டிறுதியில் அவ்வாண்டுக்குரிய பெரும் பட்டியல் வெளியாயிற்று. இந்நிகழ்ச்சி 1980 களின் இறுதியில் இந்திய வானொலியின் விவித்பாரதிக்கு மாறி, 1990 களின் முற்பகுதி வரை நடைபெற்றது.

இனி, வரிசை எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதே திறனாய்வாளன் நோக்கவேண்டிய பொருள். ஏறக்குறைய அதே வேளையில், 1952 நவெம்பர் 14 ஆம் நாள், இங்கிலாந்தின் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் அந்நாட்டின் முதலாவது இசைத்தட்டுப் பட்டியலை வெளியிட்டது. சில கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தட்டு மிகுதியாக விலைபோயிற்று எனக் கேட்டறிந்து தொகுத்த பட்டியல் அது. அங்கே அளவுகோல் விற்பனை ஒன்றே. கீத்மாலாவோ இசைத்தட்டு விற்பனையோடு நேயர் கடிதங்களையும், ஊர்தோறும் தோன்றிய நேயர் சங்கங்களின் தெரிவுகளையும் சேர்த்து நோக்கியது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஐம்பதுகளின் இந்தியாவிலே கிராமபோன் பெட்டியும் இசைத்தட்டும் வாங்க வல்லவர் சிலரே. தபாலட்டை வாங்க வல்லவரோ பலர். தட்டு விற்பனையை மட்டும் எண்ணியிருப்பின், நகரத்துச் செல்வர் வீட்டு வரவேற்பறையே நாட்டின் செவியெனக் கொள்ளப்பட்டிருக்கும். கடிதத்தைச் சேர்த்தமையால், தேநீர்க்கடையில் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ நின்று கேட்டவனுக்கும் குரல் கிடைத்தது. மேலும், கடையில் தட்டுத் தீர்ந்துவிடின் விற்பனை குறையும், விருப்பம் குறையாது. ஓர் அளவுகோலின் குறையை மற்றொன்று ஓரளவுக்கேனும் ஈடுசெய்தது.

எனினும், இரண்டும் எண்ணிக்கையே என்பதை மறத்தலாகாது. தட்டு வாங்கியவன் பொருளைச் செலவிட்டான். கடிதம் எழுதியவன் நேரத்தைச் செலவிட்டான். இருவரும் ‘விரும்பினேன்’ என்றே கூறினர். ‘இன்ன காரணத்தால் விரும்பினேன்’ என்று கூறினாரல்லர். மெட்டை விரும்பியவன், குரலை விரும்பியவன், கவிஞனின் சொல்லை விரும்பியவன், திரையிலே அதற்கு வாயசைத்த நடிகனை விரும்பியவன் ஆகிய நால்வரும் ஒரே எண்ணில் அடங்கினர். ஒரு வாரமே கணக்கின் அலகாக இருந்தமையால், கேட்டவுடன் பற்றிக்கொள்ளும் பாட்டுக்கு அவ்வளவை சாதகமாயிற்று. பன்முறை கேட்டபின்னரே தன் உள்ளழகைத் திறந்துகாட்டும் பாட்டு, அழகு புலப்படுமுன்னரே வரிசையினின்று வழுவிப்போகும் இடர் இருந்தது.

ஆண்டிறுதிப் பட்டியல்களை நோக்குவார்க்கு இதன் இருமுகமும் விளங்கும். 1955 இல் முதலிடம் பெற்றது ‘ஸ்ரீ 420’ படத்தில் முகேஷ் பாடிய பாட்டு. ஷைலேந்திராவின் எளிய சொற்களும் ஷங்கர்–ஜெய்கிஷனின் துள்ளும் இசையும் இயைந்த அப்பாட்டு, நாடோடி ஒருவனின் வாய்மொழியாகப் புதிய இந்தியாவின் தன்னம்பிக்கையைப் புலப்படுத்தியது. 1960 இல் ‘பர்ஸாத் கீ ராத்’, 1963 இல் ‘தாஜ் மஹால்’ ஆகிய படங்களின் பாட்டுக்கள் முதலிடம் பெற்றன. இரண்டுக்கும் இசை ரோஷன். கவிதை ஸாஹிர் லுதியான்வி. உருதுக் கவிமரபின் நயம் செறிந்த இவை, புலவர் அவையிலும் மதிக்கப்படத்தக்கன. ஆகவே, பலர் விரும்புவது இழிந்ததாகவே இருக்கும் என்னும் கூற்று இங்கே பொய்ப்படுகின்றது.

மறுபுறம், 1964 ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டின் முதலிடம் ‘சங்கம்’ படப்பாட்டுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘வோ கோன் தீ?’ என்னும் படத்துக்கு மதன் மோகன் இசையமைத்து, லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்களோ, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் புதிய தலைமுறையினர் தேடிக் கேட்பனவாக உள்ளன. முதலிடத்துக்கும் நிலைபேற்றுக்கும் இடையே நேரான தொடர்பில்லை என்பதற்கு இது போதிய சான்று. 1977 இல் முதலிடம் பெற்ற பாட்டு, அதே மதன் மோகன் இசையமைத்த ‘லைலா மஜ்னு’ படத்தது. அவர் 1975 ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவ்வாண்டின் மாலை சூட்டப்பட்டபோது, ஏற்றுக்கொள்ள அவர் இல்லை. வாரக் கணக்கு கலைஞனின் வாழ்நாளோடு ஒத்து நடப்பதன்று.

எண்ணிக்கையின் குறை இதுவாயின், கேஸ்கர் கொண்ட நெறி சரியானதோ எனின், அன்று. அவர் காலத்தில் இசைக்கென அமைந்த தேசிய நிகழ்ச்சி, இந்துஸ்தானி, கர்நாடக இசைவாணர் பலரைத் தொலைவிலுள்ள நேயரிடம் கொண்டுசேர்த்தமை போற்றுதற்குரியது. ஆயின், உயர்ந்ததைத் தருதல் வேறு; விரும்பியதை மறுத்தல் வேறு. மறுக்கப்பட்ட செவி உயர்ந்த இசையின்பால் திரும்பவில்லை. வானொலியின் அலைவரிசையைத் திருப்பியது. 1957 ஒக்டோபரில் விவித்பாரதியைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு இடமளிக்க இந்திய வானொலி முன்வந்தமை இதனை உணர்த்தும். மேலிருந்து விதிக்கப்படும் தரவரிசையும், கீழிருந்து எண்ணப்படும் தரவரிசையும் ஒரு குறையைப் பொதுவாக உடையன: இரண்டும் காரணம் கூறுவதில்லை. ஒன்று ஆணையிடுகின்றது, மற்றொன்று தொகையைக் காட்டுகின்றது.

அங்ஙனமாயின் கீத்மாலாவின் பெறுமதி யாது? அது பட்டியலில் இல்லை. பட்டியலைச் சூழத் தோன்றிய கூட்டத்தில் உளது. வடமொழிக் காவியவியலார் கலையை நுகர்வோனைச் ‘சகிருதயன்’ என அழைத்தனர். ஒத்த உள்ளம் உடையவன் என்பது அதன் பொருள். அபிநவகுப்தர் முதலியோர் விளக்கிய இக்கருத்துப்படி, பயிற்சியாற் கண்ணாடி போலத் தெளிந்த உள்ளத்திலேயே கலைப்பொருள் ஒன்றிக் கலக்கின்றது. அப்பயிற்சி தனிமையில் மட்டும் வருவதன்று. பிறர் ஒரு பாட்டை நயந்தமை கண்டு, ‘யான் காணாத எதனை இவர் கண்டார்?’ என மீண்டும் செவிகொடுத்தலே அப்பயிற்சியின் முதற்படி. நேயர் சங்கங்களிலே நிகழ்ந்தது இதுவே. தம் தெரிவை அனுப்புமுன் அங்கத்தவர் ஒருவரோடொருவர் உடன்பட வேண்டியிருந்தது. உடன்படுதற்குப் பேச வேண்டியிருந்தது. பேச்சிலே காரணம் பிறந்தது. கொழும்புக்குச் சென்றது ஓர் எண்ணே. அவ்வெண்ணுக்கு முன்னர் ஊரில் நிகழ்ந்த வாதமோ திறனாய்வின் வித்தாகும்.

பிகாரிலே, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலப் பகுதியில், மைக்கா அகழ்வுக்குப் பெயர்பெற்ற சிற்றூர் ஜும்ரி தலையா. பாட்டு விரும்பிக் கேட்டு அவ்வூரார் அனுப்பிய தபாலட்டைகளின் பெருக்கத்தால் அதன் பெயர் இந்தி வழங்கும் நாடெங்கும் பரவிற்று. அப்படி ஓர் ஊர் உண்மையில் உண்டோ என ஐயுற்றோரும் இருந்தனர். பாட்டைக் கேட்டல் மட்டுமே நோக்கமாயின், ஒருவர் எழுதினாலே போதும். எழுதியோர் அனைவரும் தத்தம் பெயர் பாட்டோடு சேர்ந்து ஒலித்தலையும் விரும்பினர். இதனைத் தற்பெருமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், தன்னைப்போல் அப்பாட்டை விரும்புவோர் தொலைவிலும் உளர் என அறிந்து, தானும் அவருள் ஒருவனென அறிவித்தலில் ஓர் உறவு வேட்கை உளது. நேயரை விளிக்கும்போது சகோதரிகளை முன்னும் சகோதரர்களைப் பின்னுமாக வைத்து அமீன் ஸயானி அழைத்த முறை அவ்வுறவுக்கு ஒரு குடும்பத்தின் நிறத்தை ஈந்தது. அவரது மொழியும் அகராதி இந்தியாகவோ அவையுருதுவாகவோ அமையாது, இரண்டும் கலந்து வழங்கும் எளிய இந்துஸ்தானியாக இருந்தது. தேசப்பிரிவினையின் புண் ஆறாதிருந்த காலத்தில் இது பாட்டுக்கு அப்பாலும் பயன்பட்ட ஒரு பணி.

இக்கூட்டத்துக்குக் குறைகளும் இருந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை. சங்கம் என ஒன்று அமைந்தால் கட்சி என ஒன்று அமைதல் இயல்பு. ஒரு பாடகர்க்காகவோ நடிகர்க்காகவோ திரண்டு எழுதுவோர் பாட்டின் தகுதியை நோக்கார். தொகுப்போர் எத்துணை நேர்மையுடையராயினும், பொருளுதவும் வணிகம் நேயர் தொகையையே கருதும். நேயர் தொகை மிகுதற்குப் பட்டியலில் பரபரப்பு வேண்டப்படும். இவையனைத்தும் உண்மையாயினும், இக்குறைகளை அறிந்து வாதிடவும் நேயர்க்கு இடமிருந்தது. புதன்கிழமை இரவு வெளியான வரிசையை வியாழக்கிழமை காலை வேலைத்தலத்திலும் கல்லூரியிலும் மறுத்துரைத்தல் அக்காலத்தார்க்குப் பெருவிருந்தாயிருந்தது. மறுத்துரைக்கத் தூண்டும் பட்டியல், அடங்கி ஏற்கச் செய்யும் பட்டியலினும் நன்று.

இன்று பாட்டுக்களின் வரிசையை வகுக்கும் பணியைப் பெரும்பாலும் கணிப்பொறிகள் ஏற்றுள்ளன. ஒருவர் கேட்குந்தோறும் அது தானாகவே ஒரு வாக்காகப் பதிவாகின்றது. அவர் மனமொன்றிக் கேட்டாரோ, வேறு பணியிடையே ஒலிக்கவிட்டாரோ என்பதைக் கருவி அறியாது. எண்ணின் துல்லியம் மிகுந்துள்ளது. எண்ணுக்கு முன்னிருந்த தேர்வு மெலிந்துள்ளது. தபாலட்டை எழுதியவன் பாட்டைத் தெரிந்து, பேனையை எடுத்து, முத்திரைக்குப் பணம் கொடுத்து, தன் பெயரை இட்டான். அச்சிறு முயற்சிகள் ஒவ்வொன்றும் ‘இது உண்மையில் எனக்கு உவப்பானதோ?’ என்னும் வினாவை அவனிடத்து எழுப்பின.

அமீன் ஸயானி 2024 பெப்ரவரி 20 ஆம் நாள் காலமானார். அவர் அடுக்கிய படிகளின் ஒழுங்கை இன்று நினைவிற் கொண்டிருப்போர் சிலரே. அப்பாட்டுக்களைச் சேர்ந்திருந்து கேட்ட நினைவோ பலரிடம் உளது. எனவே, தரவரிசையை அறவே வெறுத்தலும் வேண்டா. அதனையே தீர்ப்பெனக் கொள்ளலும் வேண்டா. ‘இது முதலாவது’ என்று ஒருவர் கூறுமிடத்து, ‘ஏன்?’ என்று மற்றொருவர் வினவ இடமிருக்குமாயின், அவ்வரிசை இரசனையை வளர்க்கும். அவ்வினாவுக்கு இடமில்லையாயின், எத்துணை இலட்சம் செவிகளை எண்ணித் தொகுத்ததாயினும், அது ஒரு கணக்கேடே அன்றிப் பிறிதில்லை.