பொறியின் தேர்வும் புணர்ச்சி இலக்கணமும்

ஒரு நூல் மொழிபெயர்க்கப்பட்டால் அதனைப் படித்துத் திருத்துவார் உளர். கணினியிலும் கைப்பேசியிலும் வழங்கும் மென்பொருள்கள் தமிழாக்கப்படும்போது நிலைமை வேறாகிறது. பெரிய மென்பொருள் ஒன்றின் திரைகளில் தோன்றும் தொடர்கள் பல ஆயிரம் இருத்தல் கூடும். அம்மென்பொருளோ அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எல்லாத் திரைகளையும் மனிதரே கண்டு தேறுதல் அரிது. ஆதலின் அப்பணியின் பெரும்பகுதி பொறியிடம் ஒப்புவிக்கப்பட்டுள்ளது. தானியங்கிச் சோதனை எனப்படும் இம்முறை தமிழுக்கு எத்துணை நன்மை செய்கிறது, எவ்விடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும்.

முதற்கண் சோதனை நடைபெறும் வகை அறியத்தக்கது. 2004-ஆம் ஆண்டில் தோன்றிய செலீனியம் போன்ற கருவிகள், மனிதர் செய்வது போலவே உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, வரும் விளைவைச் சரிபார்க்கின்றன. மொழிபெயர்ப்புத் தொடங்குமுன்பே செய்யும் சோதனையும் ஒன்றுண்டு. ஆங்கில எழுத்துகளின்மேல் குறிகள் இட்டு, தொடரையும் நீட்டிப் பொய்மொழி ஒன்றைப் படைத்துத் திரையில் காட்டுவர். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டாவில் இத்தகைய பொய்மொழிகளைச் சேர்த்திருந்தது. பொய்மொழியாக மாறாது எஞ்சி நிற்கும் ஆங்கிலச் சொல், மொழிபெயர்ப்பாளர் கைக்கு எட்டாதவாறு நிரலுக்குள் புதைந்து கிடப்பது என்பது அப்போதே புலனாகும். பொத்தானுக்குள் அடங்காது வெட்டுப்படும் தொடரோ, நெடிய சொற்களையுடைய தமிழும் அங்கே அடங்காது என முன்னறிவிக்கும்.

மனிதக் கண்ணுக்குப் புலப்படாத பிழையையும் பொறி காணவல்லது. 'கௌரவம்' என்னும் சொல்லை ஔகாரக் குறியிட்டு எழுதலாம். அறியாதார் 'கெ' என்னும் எழுத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடுவதும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிட்டாது. எத்துணைப் புலமை மிக்கவரும் திரையை நோக்கி மட்டும் இப்பிழையைக் கண்டுவிட முடியுமா? பொறியோ நொடியில் காட்டிவிடும். எனவே, 'தமிழ் அறிந்தார் ஒருவர் பார்த்தாற் போதும், சோதனை எதற்கு?' என்பார் கூற்று நிரம்பாது.

ஆனால் பொறியும் கற்பித்த அளவே அறியும். 'அமைப்புகள்' என்னும் சொல்லில் தமிழ் மாணவன் எண்ணும் எழுத்து ஆறு. யூனிக்கோடு முறையில் அஃது பத்துக் குறியெண்களாகும். ஒன்பது குறியெண்ணுக்கு மேல் இடமில்லை என நிரல் வெட்டுமானால், இறுதிப் புள்ளி வீழ்ந்து 'அமைப்புகள' என நிற்கும். நீளம் வரம்புக்குள் அடங்கிற்றா என்று மட்டும் வினவும் சோதனை இதனைத் தேர்ச்சி எனவே கொள்ளும். உயிர்மெய்யும் ஒற்றும் பிளவுபடாமல் வெட்டப்பட்டதா என்று வினவுமாறு சோதனையை எழுதினாலன்றி இக்குறை தீராது.

இனி, முதன்மையான குறைக்கு வருதல் தகும். மென்பொருள் தொடர்களிற் பல, நடுவே வெற்றிடம் உடையவை. ஆங்கிலத்தில் 'நீக்கு' என்னும் வினையை முன்வைத்து, பெயர் வரும் இடத்தை வெறுமையாக விடுவர். பயன்படுத்துவோர் தரும் பெயர் அங்கே வந்து அமரும். மூலத்திலுள்ள வெற்றிடங்கள் மொழிபெயர்ப்பிலும் குறையாது உள்ளனவா என்பதைக் குனூ கெட்டெக்ஸ்ட் முதலிய கருவிகள் செம்மையாகச் சோதிக்கின்றன. ஆனால் அவ்விடத்தில் 'மரம்' என்னும் பெயர் வந்தால் திரையில் தோன்றுவது யாது? 'மரம்-ஐ நீக்கு' என்பதே. மகர ஈறு அத்துச் சாரியை பெற்று 'மரத்தை' ஆதல் வேண்டும் என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். பொறியோ, வெற்றிடம் உளது, பிழையில்லை என்று சான்று வழங்கிவிடுகிறது.

எண்ணிலும் இவ்விடர் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று முன்னும் ஐந்து பின்னுமாக வருவதைத் தமிழர் 'ஐந்தில் மூன்று' என்பர். வெற்றிடங்களுக்கு வரிசை எண் இடாமல் மொழிபெயர்த்தால் 'மூன்றில் ஐந்து' எனப் பொருள் தலைகீழாகும். இரண்டும் எண்ணாதலின் சோதனை அதனையும் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றைக் கண்டு, தமிழின் புணர்ச்சி விதிகள் கணினிக்கு ஒவ்வா என்பாரும் உளர். அது பொருந்தாது. பின்னிய மொழியும் துருக்கி மொழியும் வேற்றுமை ஈறுகளைச் சொல்லோடு ஒட்டுவனவே. இவ்விடர் அவற்றுக்கும் உண்டு. ஆங்கிலத் தொடருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பிறமொழிகளுக்கு அணிவித்ததே குற்றம்.

தீர்வும் எளிதே. 'நீக்கப்படும் கோப்பு' என்று கூறி, பெயரை இறுதியில் உருபேற்காமல் நிற்க விடலாம். வெற்றிடத்தை அடுத்து வேற்றுமை உருபு வந்தால் பிழை என அறிவிக்கும் விதியைச் சோதனையிலேயே சேர்க்கலாம். மரம், ஆறு, வீடு, பூ என ஈறு வேறுபட்ட பெயர்களை வெற்றிடத்தில் இட்டுத் திரைகளைப் படமெடுத்து, அப்படங்களைத் தமிழாசிரியரிடம் காட்டலாம். நன்னூலின் உருபு புணரியலைக் கற்பிப்பார்க்கு இத்தகைய சொற்பட்டியல் ஒன்று தருதல் ஒரு மாலைப் பொழுதின் வேலையே. அப்பட்டியல் ஒருமுறை சேர்ந்துவிட்டால், பின்னர் வரும் ஒவ்வொரு பதிப்பிலும் பொறியே அதனை எடுத்தாளும்.

1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் எழுத்துக் குறியீடும் விசைப்பலகையுமே பெருஞ்சிக்கலாய் இருந்தன. இன்று எழுத்துத் தோன்றுகிறது. தோன்றும் தொடர் தமிழாக இருக்கிறதா என்பதே வினா. 'மரம்-ஐ நீக்கு' என்பதை நாள்தோறும் காணும் இளைஞன் இரண்டில் ஒன்று செய்வான்: ஆங்கிலத் திரைக்கு மாறிக்கொள்வான், அல்லது அதுவே தமிழ் எனக் கருதுவான். இரண்டாவதே பெருங்கேடு. வகுப்பில் ஆசிரியர் திருத்தும் பிழையைக் கைப்பேசி மீண்டும் கற்பிக்குமாயின், அவர் உழைப்பு என்னாவது? பொறியைத் தேர்வாளராக அமர்த்துவதில் தவறில்லை. வினாத்தாளை வகுக்கும் இடத்தில் தமிழறிந்தார் இருத்தல் வேண்டும்.