மட்கார்டை முதலில் அறுக்கும் கலை

பழைய போர்ஷே 911 காரின் பின்புறத் தகட்டை அறுத்து, இருபுறமும் கையகலம் விரித்து, அடியில் ஸ்பிரிங்குகளையும் சக்கரத்தைத் தாங்கும் கைகளையும் புதிதாகச் செய்து பொருத்தும் வழக்கம் இன்று ஜப்பானிலிருந்து கலிபோர்னியா வரையில் ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. வெறும் மோகம் என்ற அளவில் அது நின்றிருந்தால் அதைக் குறித்து எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. மோகங்கள் வரும், போகும். ஆனால் அண்மைக் காலமாக அதற்கு ஒரு சரித்திர நியாயமும் கற்பிக்கப்படுகிறது. 1973-ம் ஆண்டின் ஆர்.எஸ்.ஆர். பந்தயக் கார்களும் அவற்றுக்குப் பின் வந்த 935 கார்களும் இப்படித்தானே இடுப்பு அகன்று நின்றன, அவற்றை அகலப்படுத்தியவர்கள் தொழிற்சாலைக்காரர்களே அல்லவா, ஆகவே இன்று ரம்பத்தைக் கையில் எடுப்பவன் அந்தப் பரம்பரையின் நேர் வாரிசுதான் என்று வாதிக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான வாதம். சரித்திரம்தான் அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

கைவேலையின் சிறப்பை நான் மறுக்கவில்லை. தட்டையான தகட்டை மரச் சுத்தியாலும் மணல் மூட்டையாலும் உருளைகளாலும் இரு திசைகளில் ஒருங்கே வளைத்து, உள்ளங்கையால் தடவினாலும் மேடு பள்ளம் தட்டுப்படாதவாறு நயப்படுத்துவது அபூர்வமான வித்தை. சிபா மாகாணத்தைச் சேர்ந்த அகிரா நகாய் பெரும்பாலும் கண்ணளவை நம்பியே தகட்டை அறுப்பவர். அந்தக் கண்ணுக்கு ஒரு தேர்ச்சி உண்டு என்பதை அவருடைய கார்களைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர். ராப் டிக்கின்சன் 2009-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிங்கர் நிறுவனத்தின் கார்களிலோ, கார்பன் இழைத் தகடுகள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடைவெளிகளின் ஒழுங்கு ஒன்றே ரசிகனுக்குப் போதுமானது. பழைய காரைத் தொடுவதே பாவம் என்ற கட்சியிலும் நான் இல்லை.

என்னுடைய ஆட்சேபம் வேறு, அது நெடுநாளையது. இந்த வேலையில் எது முதல், எது பின் என்ற கிரமம் தலைகீழாகிவிட்டது என்பதே அது.

911 காரின் பிறவிக் குணம் எல்லோரும் அறிந்ததே. இயந்திரம் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆகவே வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவர்களுக்கு, வாலே தலையை முந்திக்கொண்டு செல்லும் விபரீத அனுபவம் ஆரம்ப நாட்களில் வாய்த்தது. தொழிற்சாலை முதலில் முன்பம்பருக்குள் இரும்பு எடைகளை ஒளித்துவைத்துச் சமாளித்தது என்பது அதன் கௌரவத்துக்கு அவ்வளவாக ஏற்றதல்ல. ஆனால் 1969-ம் ஆண்டு மாதிரிக்காக அது செய்த காரியம், என் அபிப்பிராயத்தில், இந்தக் காரின் சரித்திரத்திலேயே மிக அழகான தகட்டு வேலை. இயந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களைத் தாங்கும் சாய்ந்த கைகளை மட்டும் நீளமாக்கி, சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 ஆயிற்று. சக்கரம் நகர்ந்த பிறகே தகட்டுக்கு வேலை வந்தது: சக்கர வளைவும் அவ்வளவே பின்னுக்கு நகர்ந்தது. தெருவில் போகிறவர் கண்ணுக்கு ஒரு மாறுதலும் தெரியவில்லை. ஓட்டியவருக்கோ அது வேறு காராகவே தெரிந்தது.

அதே கிரமத்தையே பந்தயக் கார்களிலும் காண்கிறோம். 1972-ல் பாரிஸில் காட்சிக்கு வந்த கரேரா ஆர்.எஸ். 2.7, பந்தய விதிப்படி குறைந்தது 500 கார்கள் விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் பிறந்தது, 1,580 விற்றது. அதன் பின்சக்கரம் 7 அங்குலம், முன்சக்கரம் 6 அங்குலம். அந்த ஓர் அங்குலத்தை மூடுவதற்கு எவ்வளவு தகடு வேண்டுமோ அவ்வளவே பின்மட்கார்டு வீங்கிற்று. அதிலிருந்து பந்தயத்துக்கென்று எழுந்த 2.8 ஆர்.எஸ்.ஆர். பின்னால் 11 அங்குலச் சக்கரம் தரித்தது, மட்கார்டும் அதற்கேற்ப வளர்ந்தது. 1973-ல் டேடோனாவிலும் டார்கா ஃப்ளோரியோவிலும் அது வென்றதை அபிமானிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு டர்போ இயந்திரம் வந்து பலம் பெருகியபோது, ஆதிமுதல் இருந்துவந்த முறுக்குத் தண்டுகளை எடுத்தெறிந்து சுருள் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார்கள், பின்கைகளையும் புதிதாகச் செய்தார்கள்; அந்தக் கார் லெ மான் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. இயந்திரத்தின் பலம் டயரைக் கேட்டது, டயர் சஸ்பென்ஷனைக் கேட்டது, சஸ்பென்ஷன் கடைசியாகத் தகட்டைக் கேட்டது. 935-ன் கோரமான தோற்றத்துக்குக்கூட மட்கார்டு விஷயத்தில் விதிப்புத்தகம் தந்த சலுகையே காரணம்; அழகுக்காக ஒருவரும் அந்த மூக்கைச் சப்பையாக்கியிருக்க மாட்டார்கள்.

இன்றைய பட்டறைகளில் நடப்பதென்ன? முதலில் தோற்றம் தீர்மானமாகிறது. இவ்வளவு அகலம், தரைக்கு இவ்வளவு நெருக்கம். அந்தத் தோற்றத்துக்கு மட்கார்டு அறுபடுகிறது. அறுத்த மட்கார்டு வெறுமையாகத் தெரியக் கூடாதே என்று அதை நிரப்பும் சக்கரம் வாங்கப்படுகிறது. அந்தச் சக்கரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அதை நிறுத்தும் வேலை மட்டுமே சஸ்பென்ஷனுக்கு மிஞ்சுகிறது. சட்டையை முதலில் தைத்து முடித்துவிட்டு, அது பொருந்தும் வரையில் ஆளைப் பட்டினி போடுவதையும் ஊட்டுவதையும் ஒத்த காரியம் இது.

இதனால் விளையும் கேடு பார்வைக்குத் தெரியாத இடத்தில் விளைகிறது என்பதுதான் கஷ்டம். பழைய 911-ன் பின்கை சாய்வான ஓர் அச்சில் சுழல்வது. கார் தாழத் தாழ, சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்கிறது, சக்கரம் நோக்கும் திசையும் சிறிது மாறுகிறது. ஒரு விரற்கடை தாழ்த்தினால், இதற்கென்றே தொழிற்சாலை வைத்திருக்கும் திருகுகளைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். நான்கு விரற்கடை தாழ்த்தினால் திருகு தீர்ந்துபோகிறது, சாய்வு தீர்வதில்லை. அகன்ற டயரோ எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைக் கேட்பது: அதன் முகம் முழுவதும் தரையில் படியும்படி சக்கரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆக, ஒரு கையால் அகன்ற டயரை வாங்கி மறுகையால் அதைச் சாய்த்து, உள்விளிம்பில் சில அங்குலங்களை மட்டும் தரையில் தேய்க்கும்படி செய்கிறார்கள். இத்தனை அகலத்துக்கும் பட்ட பிரயத்தனம் குறுகிய டயரின் பயனைத் தருவதற்கு!

சக்கரத்தை வெளியே தள்ளுவதும் சாதாரண விஷயமல்ல. பேரிங்குக்கு நேராக விழ வேண்டிய பாரம் அதற்கு வெளியே விழுகிறது. பேரிங்கையும் கையையும் அது ஒவ்வொரு குழியிலும் வளைக்க முயல்கிறது. நெம்புகோலின் நீளம் கூடிய அளவுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தம் பிடியை இழக்கின்றன. முன்புறத்தை உரிய அளவு மாற்றாமல் பின்புறத்தை மட்டும் அகலப்படுத்தினால், வாலை அஞ்சிய காலம் போய், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் மூக்கு நேரே ஓடும் காலம் வந்து சேரும். இவற்றுக்கெல்லாம் பரிகாரம் இல்லாமல் இல்லை. கை சுழலும் இடத்தை உயர்த்தலாம், கையையே வேறு நீளத்தில் செய்யலாம், புதிய ஒரு சட்டத்தைக் கட்டி 1990-களின் 993-ல் தொழிற்சாலையே கொண்டுவந்த பல இணைப்புக் கைகளைப் போன்றவற்றை அதில் தொங்கவிடலாம். இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சமதள மேடையில் காரை நிறுத்தி, அளந்து, கணக்கிட்ட பிறகே அவர்கள் வெல்டிங் விளக்கை ஏற்றுகிறார்கள். ஆனால் பத்திரிகைகளின் அட்டைப் படத்துக்கு அவர்களுடைய கார்கள் போதிய அகலமில்லாதவை போலும்.

மற்றவர்கள் செய்வது பெரும்பாலும் முறுக்குத் தண்டைக் கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்துவதோடு முடிகிறது. உயரத்தை இஷ்டப்படி மாற்றிக்கொள்ள அது வசதியானது. தாழ்த்துவதற்கு அதைவிட வசதியானது. முறுக்குத் தண்டு இருந்த காலத்தில் காரின் பின்பாரம் முழுவதும் உடலின் குறுக்கே ஓடும் தடித்த குழாயில் இறங்கிற்று. ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு அதிர்வைத் தாங்குவது ஒன்றே கடமையாக இருந்தது. சுருள் ஸ்பிரிங் வந்த பிறகு காரின் பாரமே அந்தத் தகட்டில் வந்து உட்காருகிறது. பந்தயக் கார்களைச் செய்தவர்கள் அங்கே உரம் கொடுத்தார்கள். தோற்றத்துக்காகச் செய்யப்பட்ட கார்களைப் பற்றிய வர்ணனைகளை நான் ஆசையோடு படித்திருக்கிறேன். சாயத்தின் பெயரும் தோலின் நிறமும் இருக்கையின் தையலும் அவற்றில் தவறாமல் வருகின்றன. அந்தத் தகட்டைக் குறித்து ஒரு வார்த்தை வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சக்கரத்தின் சாய்வு எத்தனை பாகை என்று அச்சிட்ட வர்ணனையைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போயிற்று.

தொழிற்சாலையே தோற்றத்துக்கு விலை வாங்கவில்லையா என்று ஒரு கேள்வி எழும். வாங்கியது உண்மைதான். 1980-களில், டர்போ இயந்திரம் இல்லாமலே டர்போவின் அகன்ற உடலை மட்டும் கூடுதல் பணத்துக்கு விற்றது. அந்தக் கார் எடை மிகுந்து, காற்றை அதிகமாக எதிர்த்து, குறுகிய உடல் கொண்ட தன் சகோதரத்தைவிட மெதுவாகவே ஓடிற்று. ஆனால் அந்த வீண் ஆடம்பரத்திலும் ஒரு யோக்கியம் இருந்தது: அகன்ற தகட்டின் அடியில் டர்போவின் சஸ்பென்ஷனும் பிரேக்குகளும் இருந்தன. ஆடையைக் கொடுத்தபோது அதற்குரிய அங்கங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். சிங்கரும் இவ்விஷயத்தில் புத்திசாலித்தனமாகவே 911-ன் 964 மாதிரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அது பிறவியிலேயே சுருள் ஸ்பிரிங் உடையது.

கண்ணளவு போதும் என்று சொல்வது தகட்டுக்குப் பொருந்தும். அங்கே கண்தான் இறுதி நீதிபதி. அடியில் உள்ளதற்குக் கண் பிரமாணமல்ல. நிற்கும் காரைப் படம் பிடிப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நின்ற நிலையில் எந்தச் சஸ்பென்ஷனும் குற்றமற்றதே. காற்றுப்பைகளை வைத்து, நிறுத்தும் இடத்தில் காரைத் தரையோடு படுக்கவைத்து, புறப்படும்போது மறுபடியும் தூக்கிக்கொள்ளும் வழக்கம் தோன்றிய பிறகு, ஓடுவதற்கு ஓர் உயரம், பார்ப்பதற்கு ஓர் உயரம் என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டாயிற்று. ஒரு பந்தயக் காரின் பரம்பரையைக் கோருகிறவர்கள் எந்த உயரத்தைக் கொண்டு அதைக் கோருகிறார்கள் என்று தெரியவில்லை.

இதில் தொழில் நுணுக்கத்தைச் சார்ந்த வேறொரு விஷயமும் உண்டு; வாங்குகிறவர்கள் அதை விசாரிப்பதில்லை. 911-ன் முன்மட்கார்டு போல்ட்டுகளால் நிற்பது. அறுத்துக் கெடுத்தாலும் வேறொன்றை வாங்கி மாட்டலாம். பின்மட்கார்டு உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அங்கே ரம்பம் பட்டால் உடலின் ஒரு பகுதியே போகிறது. 1976-ம் ஆண்டு மாதிரியிலிருந்து அந்தத் தகட்டின் இரு முகங்களிலும் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். அறுத்த விளிம்பில் அந்தப் பூச்சு இல்லை. அதன்மேல் கண்ணாடி இழையால் செய்த அகன்ற மட்கார்டை ஆணியடித்து, இடுக்கில் பசையை நிரப்பிச் சாயம் பூசிவிட்டால், சக்கரம் வாரி இறைக்கும் நீர் போய்த் தங்குவதற்கு அதைக் காட்டிலும் வசதியான இடம் காரில் வேறில்லை. விலை பேச வருகிறவர் காரின் அடியில் படுத்து, விளக்கைப் பிடித்து அந்த இடுக்கைப் பார்க்க விரும்புகிறேன் என்று சொன்னால், விற்கிறவருக்குக் கோபம் வரக் கூடாது.