பாறைக்கு முன் தாழ்ந்து நிற்கும் ஊர்

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு என்னும் செம்பாறையை ஒளிப்படங்களிலேனும் காணாதவர் அரியர். அதனைக் காணச் செல்வோர் தங்குவதற்கென 1984-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது யூலாரா என்னும் விடுதியூர். கட்டடக் கலைஞர் பிலிப் காக்ஸ் வடிவமைத்த இவ்வூர் பெரிதும் பாராட்டப்படுவது. அப்பாராட்டு எவ்வளவு தகும் எனச் சற்றே நோக்குவோம்.

முன்னர், விடுதிகளும் விமான இறங்குதளமும் பாறையின் அடிவாரத்திலேயே இருந்தன. காண வந்த பொருளையே வந்தவர்கள் சிதைத்தனர். எனவே அவற்றை அகற்றி, பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் புதிய ஊர் அமைக்க அரசு முடிவு செய்தது. காக்ஸ் மணல்மேடுகளைச் சமன் செய்யவில்லை. அவற்றினூடே வளைந்து செல்லும் முதுகெலும்புபோல் ஊரைப் படுக்க வைத்தார். கட்டடங்கள் தாழ்ந்தவை, சுவர்கள் மண்ணின் நிறத்தவை. மேலே வெண்ணிறப் பாய்கள் விரிந்திருக்கின்றன. அவை வெறும் அணிகலன் அல்ல. சுவரும் முற்றமும் வெயிலில் காயாதிருந்தால் உள்ளே வெப்பம் குறையும். பந்தலின் பயன்தான் இதுவும். எனினும், செம்மணலில் அவ்வெண்மை நெடுந்தொலைவு தெரிகிறது. தன்னை மறைத்துக்கொள்ள விரும்பிய ஊர் இந்த ஓரிடத்தில் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்றே நமக்குப் படுகிறது.

குறை அதுவன்று. தங்குமிடம் பற்றி இத்துணை சிந்தித்த திட்டம், பாறைக்குச் சென்றவர் அங்கு என் செய்வார் என்பதற்கு விடை தரவில்லை. ஏறுவோர் பற்றிக்கொள்ள 1964-இல் பாறையில் அடிக்கப்பட்ட சங்கிலி அப்படியே இருந்தது. ஏற வேண்டாம் என்பது அந்நிலத்தின் அனங்கு மக்களின் வேண்டுகோள். ஆனால் நிலவுரிமை அவர்களிடம் முறைப்படி திரும்பியது 1985 அக்டோபர் 26 அன்று. ஊர் திறந்து ஓராண்டுக்குப் பின்! அதுவும், பூங்காவை 99 ஆண்டுகளுக்கு அரசுக்கே குத்தகைக்கு விடும் ஏற்பாட்டுடன். உரியவர் கையில் உரிமை வருமுன்னரே விருந்தினர் இல்லம் எழுந்துவிட்டது. விடுதியூரைப் பழங்குடியினர் நிலக் கழகம் வாங்கியது 2011-இல்தான். பாறை ஏற்றம் நின்றது 2019 அக்டோபர் 26 அன்று.

ஆகவே யூலாராவின் சிறப்பு அதன் பாய்களில் இல்லை என்போம். அந்த 20 கிலோமீட்டரில் இருக்கிறது. பாய்களைப் படமெடுத்துப் புகழ்வோர் ஊரின் வரைபடத்தையும் அதனருகே அச்சிட்டால் நன்று.