அழுகலும் மக்கலும்: உயிர்ப்பொருள் சிதைவுச் சொற்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

உயிர்ப்பொருள் நுண்ணுயிர்களால் எளிய பொருள்களாக உடைவதை அறிவியல் தமிழ் பெரும்பாலும் ‘சிதைவு’ என்னும் சொல்லால் குறிக்கிறது. கற்சிற்பமும் சிதையும், கோட்டையும் சிதையும். எனவே இச்சொல் உருவழிவை உணர்த்துகிறதேயன்றி அதில் உயிர்களின் பங்கை உணர்த்துவதில்லை. பேச்சு வழக்கோ இந்நிகழ்வைப் பல சொற்களாகப் பகுத்து வைத்துள்ளது.

வழக்குச் சொற்களின் பகுப்பு

சோறும் குழம்பும் ஊசும். மாவும் தயிரும் புளிக்கும். காயும் கனியும் அழுகும். தழையும் சாணமும் மக்கும். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. மாவு புளித்தால் இட்லிக்கு ஆகும். சட்னி ஊசினால் கொட்டத்தான் வேண்டும். இரண்டும் நுண்ணுயிர்ச் செயலே. பயன் குறித்த மதிப்பீடே சொல்லைப் பிரிக்கிறது.

அழுகல், மக்கல் என்னும் இணையில் இப்பகுப்பு அறிவியலை நெருங்குகிறது. காற்றோட்டமுள்ள குவியலில் தழை சூடேறி, கரியமில வாயுவை வெளியிட்டு, மண்மணமுள்ள உரமாகிறது, இது மக்கல். காற்றுப் புகாத ஈரக் குவியலில் மீத்தேனும் முடைநாற்றமும் எழுகின்றன. வழக்கு இதனை அழுகல் என்கிறது.

கலைச்சொல்லாக்கச் சிக்கல்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறிய உயிரிச் சிதைவுக்குரிய கழிவு, தமிழில் ‘மக்கும் குப்பை’ என வழங்குகிறது. விதியின் சொல் பொருளின் இயல்பைச் சுட்ட, தமிழ்ச் சொல் நல்விளைவையே உறுதியளிக்கிறது. நெகிழிப் பையில் கட்டிக் குப்பைமேட்டில் புதைக்கப்படும் உணவுக்கழிவு மக்குவதில்லை, அழுகுகிறது. பெயர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

வழக்குச் சொற்களை அப்படியே கலைச்சொல்லாக ஏற்பதும் பொருந்தாது. பெட்டியில் கிடந்த துணியும் ‘மக்கிப்போயிற்று’ எனப்படுகிறது. வண்டரித்த மரத்தின் உளுத்தலில் பூச்சியே முதற்காரணம். வழக்கின் பகுப்பு காரணத்தைவிடக் கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படுவதையே சார்ந்துள்ளது.

முடிவுரை

‘சிதைவு’ என்பதைப் பொதுச்சொல்லாகவும், காற்றுச் சூழலில் நிகழ்வதை ‘மக்கல்’ எனவும், காற்றிலாச் சூழலில் நிகழ்வதை ‘அழுகல்’ எனவும் வரையறுத்து ஆளலாம். அவ்வாறு ஆளும்போது உழவரின் சொல்லறிவு பாடநூலுக்குள் இடம்பெறும். மக்குவதற்குக் காற்று தேவை என்னும் உண்மையும் சொல்லிலேயே விளங்கும்.