நிறத்தைத் தேர்ந்தவர்கள் எதைக் கழித்தார்கள்?

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் வளர்த்துவந்த தேனீ இறால்களுக்கு நடுவே சிவப்பாக ஒன்று தென்பட்டது. தென்சீனாவிலும் ஹாங்காங்கிலும் ஓடைகளில் வாழும் தேனீ இறால், ஓர் அங்குலத்துக்கு மேல் வளராத நன்னீர் இறால். அதன் உடலில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வந்தது மரபணுப் பிறழ்வால். சுசுகி அதன் வழித்தோன்றல்களில் சிவப்பை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்தார். இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் மேயும் 'கிரிஸ்டல் ரெட்' இறால் அப்படி உருவானது.

நிறத்துக்காக இறாலைத் தேர்ந்து பெருக்கும் இந்தக் கலையை நான் விரும்புகிறேன். சில ஆண்டுகளாகச் செய்தும் வருகிறேன். அதனாலேயே அதன் குறையைச் சொல்லும் கடமையும் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் நிறைகள். செர்ரி இறாலையே எடுத்துக்கொள்வோம். நியோகரிடினா டேவிடி என்னும் இந்த இனம் காட்டில் பழுப்பும் பச்சையும் கலந்து, கூழாங்கல்லோடு கல்லாகத் தெரியும். அந்த ஒரே இனத்திலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு, சாக்லேட் எனப் பல வகைகளை எடுத்திருக்கிறார்கள். இது சாத்தியமானதற்கு அதன் வாழ்க்கைமுறையே காரணம். பெண் இறால் இருபது, முப்பது முட்டைகளை வயிற்றடியில் நீந்துகால்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு மாதம் சுமக்கும். பொரிந்து வருபவை அப்படியே குட்டி இறால்கள். இடைப்பட்ட மிதவைப் பருவம் கிடையாது. மூன்று நான்கு மாதங்களில் அவையும் முட்டையிடத் தயாராகிவிடும். ஆகவே ஆட்டிலும் மாட்டிலும் பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டிய மரபியல், இங்கே ஒரு வாளித் தண்ணீரில் ஓராண்டுக்குள் கண்முன் நடக்கிறது. சிவப்பு கிரிஸ்டலைக் கறுப்புத் தேனீ இறாலோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புகளைத் தமக்குள் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு சிவப்பு திரும்பி வரும். ஒடுங்கு பண்பு என்று பாடப்புத்தகத்தில் படித்ததைப் பள்ளிப் பிள்ளை எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு நிறையும் உண்டு. பாசி தின்பதற்காகத் தொட்டியில் விடப்படும் அமானோ இறாலின் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். வீட்டில் அதைப் பெருக்குவது கடினம் என்பதால், பெரும்பாலும் ஆறுகளிலிருந்தே பிடித்து விற்கிறார்கள். நிற இறால்களோ தொட்டியிலேயே பிறந்து வளர்பவை. ஒருவர் செர்ரி இறால் வாங்குவதால் எந்த ஓடையிலும் இறால் குறைவதில்லை.

குறை தொடங்குவது அளவுகோலில். கிரிஸ்டல் ரெட்டுக்கு எஸ், எஸ்எஸ், எஸ்எஸ்எஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். வெள்ளை கூடினால், அது பால்போல் அடர்ந்தால், தரம் ஏறும், விலையும் ஏறும். முதுகில் ஒற்றைச் சிவப்பு வட்டம் இருந்தால் ஜப்பானியக் கொடியின் பெயரால் 'ஹினோமாரு' என்பார்கள். எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குட்டி பிழைத்தது, சூட்டைத் தாங்குமா என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் இடமில்லை. கிரிஸ்டலின் மூதாதையான தேனீ இறாலுக்குக் கரிடினா லோகேமன்னி என்ற அறிவியல் பெயர் கிடைத்ததே 2014இல்தான். அந்த உயிர் யார் என்று தெரிவதற்கு வெகுமுன்பே அதன் சட்டைக்கு விலை குறித்துவிட்டோம்.

அந்தச் சட்டையைக்கூட நம் கண் சரியாகப் படிப்பதில்லை. என்னிடமிருந்த மிக அடர்ந்த சிவப்புச் செர்ரியை ஒருநாள் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்துவைத்தேன். அரை மணி நேரத்தில் முதுகுச் சிவப்பு திட்டுத்திட்டாக வெளிறி, பக்கவாட்டில் உள்ளுறுப்புகள் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது. கருமண் பரப்பிய தொட்டியில் மீண்டும் விட்டேன். மறுநாள் பழைய நிறம் வந்திருந்தது. இறாலின் நிறமிச் செல்கள் சூழலுக்கேற்ப விரியும், சுருங்கும். சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டுகளை அது தானாகச் செய்துகொள்ள முடியாது. பாசியிலிருந்தும் தீனியிலிருந்தும்தான் பெற வேண்டும். ஆண் இறால்கள் இயல்பாகவே பெண்ணைவிட வெளிறியவை. ஆக, நாம் நல்ல மரபணு என்று எடுத்து வைப்பதில் ஒரு பங்கு கருமண்ணும் தீனியும் தந்தது. மட்டம் என்று ஒதுக்கும் ஆண்களில் நல்ல மரபணு போய்விடுகிறது.

இதைவிடக் கனமான குறை உட்கலப்பு. ஒரு புதிய நிறம் பெரும்பாலும் ஒன்றிரண்டு இறால்களிலிருந்தே தொடங்குகிறது. நிறம் நிலைக்க வேண்டுமானால் உடன்பிறந்தவற்றையே சேர்க்க வேண்டியிருக்கிறது. அப்போது நிறத்தோடு சேர்ந்து மறைந்திருந்த பலவீனமும் நிலைத்துவிடும். உயர்தர இறால்கள் தொட்டு வைத்தாலே சாகும் என்று வளர்ப்பவர்கள் பரவலாகச் சொல்வதற்கு இது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும்.

என் வீட்டில் இரண்டு தொட்டிகள் இருந்தன. தேர்ந்தெடுத்த சிவப்புகளுக்கு ஒன்று. வெளிறியவையும் புள்ளி விழுந்தவையும் போட்ட கழிசல் தொட்டி மற்றொன்று. ஒரு மே மாதம் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டது. சிவப்புத் தொட்டியில் தினமும் காலையில் இரண்டு மூன்று இறால்கள், ஓடு பாதி உரிந்த நிலையில், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அதே பால்கனியில், அதே சூட்டில், கழிசல் தொட்டியில் முட்டை சுமந்த பெண்கள் கால்களால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் ஒரு கோடையில் நடந்ததைச் சோதனை முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பொறுக்கினேன், எதைக் கழித்தேன் என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்னும் அடங்கவில்லை.

கழித்தவை எங்கே போகின்றன என்பதும் இந்தக் கலையின் கணக்கில் சேர வேண்டும். பலர் மீனுக்கு இரையாக்குகிறார்கள், மலிவாக விற்கிறார்கள், சிலர் ஓடையில் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலந்து ஓடும் கில்பாக் ஓடையில் செர்ரி இறாலின் இனம் குடியேறிப் பெருகியிருக்கிறது. அங்கே பிழைக்க அந்த வெந்நீர் உதவியது. நம் ஊரில் ஆண்டு முழுக்க வெதுவெதுப்புதான். நம் ஓடைகளிலும் கரிடினா இறால்கள் சத்தமின்றி வாழ்கின்றன. கருணை என்று நினைத்து ஒருவர் கவிழ்க்கும் ஒரு குவளை இறால் அவற்றின் உணவிலும் இடத்திலும் பங்கு கேட்கும். நோயையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கலையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதன் அளவுகோலை அகலமாக்க வேண்டும் என்பதே என் வாதம். விதைநெல் எடுக்கும் உழவர் மணியின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. தூர் கட்டியதா, நோயைத் தாங்கியதா என்றும் பார்த்தே கதிரைக் கட்டி வைக்கிறார். இறால் வளர்ப்பவரும் நிறத்துக்குப் பக்கத்தில் பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கலாம். வெளிறிய ஆண்களை அவசரப்பட்டு ஒதுக்காமல், அவற்றின் பிள்ளைகளைப் பார்த்தபின் முடிவு செய்யலாம். ஒரே நிறத்தை இரண்டு மூன்று தொட்டிகளில் தனித்தனி வழிகளாகக் காத்து, இடையிடையே மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளலாம். கழித்தவற்றுக்குச் சாகும்வரை ஒரு தொட்டி ஒதுக்கலாம்; அவற்றின் ஆயுளே ஒன்று, ஒன்றரை ஆண்டுதான்.

அந்தக் கோடைக்குப் பின் கழிசல் தொட்டியிலிருந்து நான்கு ஆண்களை எடுத்து, எஞ்சிய சிவப்புப் பெண்களோடு விட்டேன். பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் வெளிறியவை. அடுத்த மே மாதம் எவை நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, நிறத்தை அதற்குப் பிறகு பொறுக்குவதாக இருக்கிறேன்.