கை தடுமாறினால் திக்கலா?

திக்கல் என்றால் நாக்கின் கோளாறு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். சைகை மொழி பேசும் காதுகேளாதோரில் சிலருக்குக் கையும் திக்குவதுபோல் தெரிகிறது என்ற ஆய்வுக் குறிப்பு அமெரிக்காவில் 1971-லேயே வந்துவிட்டது. சைகையைத் தொடங்கும் இடத்திலேயே கை விறைத்து நிற்கும். பாதி அசைவு இரண்டு மூன்று முறை வந்து அறுபடும். சொல்ல வேண்டியது அவருக்குத் தெரியும், கை ஒத்துழைக்காது.

இதையும் திக்கல் என்று ஏற்பதில் லாபம் உண்டு. குரல்வளையிலும் நாக்கிலும் மட்டுமே காரணம் தேடும் விளக்கம் இதனால் ஆட்டம் காண்கிறது. மொழியை உடலசைவாக மாற்றும் மூளையின் வேலையில் சிக்கல் என்போருக்குக் கை நல்ல சாட்சி.

சாட்சியம்தான் மெலிந்தது. 1988-இல் மான்ட்கோமரி, ஃபிட்ச் என்ற ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, 9,930 காதுகேளாத மாணவர்களில் 12 பேருக்குத் திக்கல் என்று கணக்கெடுத்தார்கள். அதில் 6 பேருக்குக் கையில் மட்டும். பள்ளிக்காரர்கள் எழுதி அனுப்பிய பதில் அது. ஆய்வாளர்கள் அந்தக் கைகளை நேரில் பார்க்கவில்லை.

பார்த்தாலும் போதாது. பல சைகை மொழிகளில் ஒரே அசைவைத் திரும்பச் செய்வது இலக்கணம்: 'போ' என்பதை அடுத்தடுத்துச் செய்தால் அடிக்கடி போவதாகப் பொருள். இலக்கணம் எது, சிக்கல் எது என்று சைகையை அரைகுறையாகக் கற்றவர் எப்படிப் பிரிப்பார்?

தர்மபுரிக்கு மேலே, கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் வத்தல்மலையில் காது கேளாமல் ஒரு மலையாளிப் பழங்குடிக் குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்வோம். சாப்பாடு, மாடு, காப்பிக் காடு எல்லாம் அம்மாவும் பிள்ளையும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட வீட்டுச் சைகையில் நடக்கும். இந்தியச் சைகை மொழி கண்ணில் படவே ஆறேழு வயதாகலாம். பிறகு அந்தக் கை தயங்கினால் அது மொழி தாமதமாகக் கிடைத்ததன் விளைவாகவும் இருக்கலாம். ஏற்கெனவே ஊரார் 'ஊமை' என்பார்கள். கூடவே திக்குவாய்ப் பட்டமும் எதற்கு?

2015-இல் டெல்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி தந்திருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் சரளம் அகராதியிலிருந்து வராது; சைகை பேசும் பெரியவர்களோடு புழங்கித்தான் வரும்.

அம்மாவோடு வீட்டுச் சைகையில் சரளமாக ஓடும் கை, பள்ளிச் சைகையில் மட்டும் நின்றால் அது பழக்கக் குறைவு என்று சொல்லத் தோன்றும். அதிலும் அவசரம் கூடாது. வாய் திக்குவோரும் வீட்டில் சரளமாகவும் வகுப்பில் திணறியும் பேசுவதுண்டு. ஒருநாள் முகாமில் பார்த்து எழுதும் முடிவு இதற்குச் செல்லாது. வீட்டிலும் வகுப்பிலும் பல நாள் காணொளி எடுத்து, சைகையிலேயே வளர்ந்த காதுகேளாதவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சியாளர் அதைப் பார்க்க வேண்டும்.